ஆயிரம் அடி இடைவெளி

1996-ல் சர்க்கி தாத்ரியின் வானத்தில் 349 பேர் இறந்தார்கள். இரண்டு விமானங்களிலும் இயந்திரக் கோளாறு இல்லை. தரையிலிருந்து சொல்லப்பட்ட ஓர் எண், விமானத்தை ஓட்டியவரிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு கருவிகள் வந்தன, விதிகள் வந்தன, மொழித் தேர்வுகூட வந்தது. ஆனாலும் வான் பாதுகாப்பு இன்னும் பெருமளவுக்குப் பேச்சை நம்பித்தான் இருக்கிறது.

தில்லியில் வழக்கமான மாலை அது. 1996 நவம்பர் 12. மணி 6.32. இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்திலிருந்து சவூதி அரேபிய ஏர்லைன்ஸின் போயிங் 747 கிளம்பியது. 289 பயணிகள், 23 விமானச் சிப்பந்திகள். பயணிகளில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வளைகுடாவுக்குப் போகும் இந்தியர்கள். சிலர் முதல் முறையாக. சிலர் விடுமுறை முடிந்து. அதே நேரத்தில் கஜகஸ்தானின் சிம்கென்ட் நகரிலிருந்து வந்த இல்யூஷின்-76 விமானம் தில்லியில் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் 37 பேர். இந்தியாவில் சரக்கு வாங்கிப் போய் ஊரில் விற்கும் சிறு வியாபாரிகளும் அவர்களில் அடக்கம்.

ஒன்று ஏறுகிறது, மற்றொன்று இறங்குகிறது. பாதை ஒன்றே. தில்லி விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு இது புதிதல்ல. கஜக் விமானத்துக்கு அவர் 15,000 அடி வரை இறங்க அனுமதி தந்தார். சவூதி விமானத்துக்கு 14,000 அடி வரை ஏற அனுமதி. சவூதி விமானி இன்னும் மேலே போக அனுமதி கேட்டபோது, அதே உயரத்தில் காத்திருக்கும்படி பதில் போனது. ஒன்று கடந்து போனதும் மற்றதை மேலே அனுப்பலாம். நடுவில் ஆயிரம் அடி இடைவெளி. உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்ட பாதுகாப்பான தூரம்தான் அது.

கஜக் விமானம் 15,000 அடியை அடைந்துவிட்டதாக வானொலியில் தகவல் தந்தது. அதே உயரத்தில் இருக்கும்படி சொன்ன அதிகாரி, எதிரே போயிங் 747 வருவதையும், பார்த்தால் தெரிவிக்கும்படியும் எச்சரித்தார். எத்தனை மைல் தூரத்தில் என்று கஜக் விமானத்திலிருந்து கேள்வி வந்தது. தூரம் சொல்லப்பட்டது. எதிரே வரும் விமானம் 14,000 அடியில் இருக்கிறது என்பதும் சொல்லப்பட்டது. விமானம் இன்னும் கண்ணில் படவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் பதிலின் சாரம்.

சுமார் 6.40-க்கு ராடார் திரையில் இருந்த இரண்டு புள்ளிகளும் ஒன்று சேர்ந்தன. பிறகு இரண்டுமே காணவில்லை. அதிகாரி மீண்டும் மீண்டும் அழைத்தார். பதில் வரவில்லை. தில்லியை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க விமானப்படை விமானத்தின் விமானி, மேகத்துக்குள் பெரிய தீப்பிழம்பைப் பார்த்ததாகத் தெரிவித்தார். தில்லிக்கு மேற்கே சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில், ஹரியானாவின் சர்க்கி தாத்ரி ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் உடல்களும் உலோகத் துண்டுகளும் பல கிலோமீட்டர் பரப்புக்குச் சிதறிக் கிடந்தன. இரண்டு விமானங்களிலும் இருந்த 349 பேரும் பலி. வானில் விமானங்கள் மோதிக்கொண்ட விபத்துகளில் இன்றுவரை இதுவே மிகப் பெரியது.

கேட்டவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர்

விபத்து நடந்ததுமே குற்றச்சாட்டுகள் பறந்தன. விமானக் கட்டுப்பாட்டு அதிகாரியின் தவறா? சவூதி விமானம் அனுமதியின்றி மேலே ஏறிவிட்டதா? கஜக் விமானம் கீழே இறங்கிவிட்டதா? விசாரிக்க, அப்போது தில்லி உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆர்.சி. லகோத்தி தலைமையில் அரசு ஆணையம் அமைத்தது. (பின்னாளில் இவர் இந்தியாவின் தலைமை நீதிபதியானார்.) விமானங்களின் கறுப்புப் பெட்டிகள் மாஸ்கோவிலும் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் திறக்கப்பட்டன.

பெட்டிகள் சொன்ன கதை தெளிவாகவே இருந்தது. சவூதி விமானம் தனக்குத் தரப்பட்ட 14,000 அடியில் இருந்தது. கஜக் விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. அந்த உயரத்தை அடைந்துவிட்டதாகச் சொன்ன பிறகும் அது இறங்கிக்கொண்டே இருந்தது. 14,500 அடிக்கு வந்தது. பிறகு 14,000-க்கும் கீழே போனது.

ஏன் இறங்கியது? பதில் அந்த விமானியின் அறையில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் இருக்கிறது. பழைய சோவியத் வழக்கப்படி, தரையுடன் பேசுவதற்கென்றே தனியாக ஒரு வானொலி இயக்குநர் விமானத்தில் இருந்தார். ஆங்கிலத்தில் வரும் உத்தரவை அவர்தான் கேட்பார். அவர்தான் பதில் சொல்வார். ஆனால் விமானத்தை ஓட்டுவது அவர் அல்ல. அவர் எதிரே உயரமானிகூடக் கிடையாது. விமானம் எந்த உயரத்தில் பறக்கிறது என்று அறிய அவர் விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். விமானத்தை ஓட்டிய இருவரோ ஆங்கிலப் பேச்சுக்கு முழுக்க அவரையே நம்பியிருந்தார்கள்.

எனவே தில்லி சொன்ன எண் ஒருவர் காதில் விழுந்தது. விமானத்தின் கட்டுப்பாடு இன்னொருவர் கையில் இருந்தது. இருவருக்கும் நடுவே அந்த எண் எங்கோ நழுவிவிட்டது. எதிரே விமானம் வருகிறது என்ற எச்சரிக்கைக்குப் பிறகுதான் அறையில் கலக்கம் பிறந்தது. தாங்கள் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை என்பதைக் கடைசி நொடிகளில் உணர்ந்தவர் வானொலி இயக்குநர்தான். மேலே ஏறச் சொல்லி அவர் கத்தினார். விமானி எஞ்சினின் முழு விசையையும் கொடுத்தார். விமானம் ஏறத் தொடங்கியது. அங்கேதான் விதி விளையாடியது. அப்படி ஏறாமல் இருந்திருந்தால் அது சவூதி விமானத்துக்குக் கீழாகவே கடந்து போயிருக்கக்கூடும். ஏறியதால் அதன் வால் பகுதி போயிங்கின் இடது இறக்கையை அறுத்தது.

மேகக் கூட்டத்துக்குள் ஏற்பட்ட கொந்தளிப்பால்தான் விமானம் உயரம் இழந்தது என்றது கஜகஸ்தான் தரப்பு. ஆணையத்தின் முடிவோ வேறு. தரப்பட்ட உயரத்தில் நிற்காமல் இறங்கியதே விபத்துக்குக் காரணம். அந்த மீறலுக்குப் பின்னால் இருந்தது விமானிகளின் போதாத ஆங்கிலம். தில்லி கட்டுப்பாட்டு அதிகாரி மீது தவறு இல்லை.

இன்னொரு சிக்கலையும் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அப்போது சுட்டிக்காட்டினார்கள். முன்னாள் சோவியத் நாடுகளின் விமானிகள் உயரத்தை மீட்டரிலும் தூரத்தைக் கிலோமீட்டரிலும் கணக்கிட்டுப் பழகியவர்கள். இங்கே வந்தால் அடியும் கடல் மைலும். அந்நிய மொழியில் கேட்ட எண்ணை மனதுக்குள்ளேயே வேறு அளவைக்கு மாற்றியாக வேண்டும். அதையும் விமானத்தை இறக்கிக்கொண்டே செய்ய வேண்டும்.

தில்லிக்குத் தெரியாத ஒன்று

கஜக் விமானத்தின் மீது பழி விழுந்தாலும், தில்லியின் குறைகளும் அன்று வெட்டவெளிச்சமாயின. கட்டுப்பாட்டு அறையில் இருந்தது பழைய ரக ராடார். விமானம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அது காட்டும். எவ்வளவு உயரத்தில் என்பதைக் காட்டாது. உயரத்தை விமானிதான் சொல்ல வேண்டும். சொன்னதை அதிகாரி நம்ப வேண்டும். 15,000 அடி என்று வந்த பதில் பொய்யாகிப்போனதை அவரால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இரண்டாம் நிலை ராடார் என்று ஒன்று உண்டு. அது விமானத்தை நோக்கி ஒரு கேள்வியை அனுப்பும். விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி தன் அடையாளத்தையும் உயரத்தையும் தானாகவே பதிலாக அனுப்பும். திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் உயரம் எண்ணாகத் தெரியும். விமானம் நூறு அடி இறங்கினாலும் அந்த எண் மாறும். உலகின் பெரிய விமான நிலையங்களில் எப்போதோ வழக்கத்துக்கு வந்துவிட்ட அந்த வசதி, 1996 நவம்பரில் நாட்டின் தலைநகரில் பயன்பாட்டில் இல்லை.

வானத்தில் இடமும் இல்லை. தில்லியைச் சுற்றிய வான்வெளியின் பெரும்பகுதி விமானப்படையின் வசம். பயணிகள் விமானங்களுக்கு ஒதுக்கப்பட்டது ஒரு குறுகலான பாதை. போவதும் அதிலேதான், வருவதும் அதிலேதான். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே ரயில்களை விடுவது போன்ற ஏற்பாடு. உயர வித்தியாசம் ஒன்றுதான் பாதுகாப்பு. அந்த வித்தியாசமோ வானொலியில் சொல்லப்படும் ஓர் எண்ணை நம்பியிருந்தது.

விபத்துக்குப் பிறகு மாற்றங்கள் வந்தன. போகும் விமானங்களுக்கும் வரும் விமானங்களுக்கும் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டன. உயரம் காட்டும் ராடார் பயன்பாட்டுக்கு வந்தது. இந்திய வான்வெளியில் பறக்கும் பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தாக வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டது. 349 உயிர்கள் போன பிறகு.

'ரோஜர்' என்றால் சரி என்று அர்த்தமல்ல

விமானிக்கும் தரைக்கும் நடக்கும் பேச்சு வெளியாருக்குப் புதிராகத் தோன்றும். அதில் வளவளப்பு இல்லை, அலங்காரம் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள். 'ரோஜர்' என்றால் 'நீங்கள் சொன்னது முழுவதும் கேட்டது' என்பது மட்டுமே, ஒப்புக்கொண்டதாகப் பொருளில்லை. 'வில்கோ' என்றால் 'கேட்டேன், அப்படியே செய்கிறேன்'. ஆமாம் என்பதற்கு 'அஃபர்ம்'. இல்லை என்பதற்கு 'நெகட்டிவ்'. எண்களின் உச்சரிப்பைக்கூட மாற்றியிருக்கிறார்கள். ஒன்பதை 'நைன்' என்று சொல்லக்கூடாது, 'நைனர்' என்க வேண்டும். ஐந்து 'ஃபைஃப்'. மூன்று 'ட்ரீ'. இரைச்சலில் 'நைன்' என்பதும் 'ஃபைவ்' என்பதும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி. உயரம், திசை, ஓடுபாதை பற்றிய அனுமதியைப் பெறும் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னது சரிதானா என்று அதிகாரி காது கொடுத்துக் கேட்க வேண்டும். தவறாக இருந்தால் உடனே திருத்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போலத்தான். ஆனால் இங்கே தப்பு விட்டால் தண்டனை வேறு.

இந்த ஒழுங்கு காகிதத்தில் யோசித்து எழுதப்பட்டதல்ல. பெரும்பகுதி விபத்துகளிலிருந்து கற்றது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் உள்ள டெனரீஃப் விமான நிலையம் மூடுபனியில் மூழ்கியிருந்தது. கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் ஒரு முனையில் நின்றது. பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 அதே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கிளம்பிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்பதற்கான அனுமதியைத்தான் கட்டுப்பாட்டு அதிகாரி கே.எல்.எம். விமானத்துக்குத் தந்தார். அந்த வாக்கியத்தில் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லும் இருந்தது. அனுமதியைத் திருப்பிச் சொன்ன துணை விமானி, 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் முடித்தார். கிளம்புவதற்குத் தயாராக நிற்கிறார்கள் என்று அதிகாரி புரிந்துகொண்டார். விமானமோ ஓடவே தொடங்கிவிட்டது.

அதிகாரி 'ஓகே' என்றார். அதைத் தொடர்ந்து, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றார். அதே விநாடியில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானி குரல் கொடுத்தார். ஒரே அலைவரிசையில் இரண்டு குரல்கள். இரண்டும் மோதி கே.எல்.எம். விமானத்தில் கீச்சென்ற சத்தமாகக் கேட்டன. அங்கே தெளிவாக விழுந்தது அந்த 'ஓகே' மட்டும். 583 பேர் மாண்டார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை. அதன் பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல் கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் வரக்கூடாது என்று வழக்கமாயிற்று. மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்'.

சின்னச் சொல், பெரிய விலை

பாடம் கற்றாகிவிட்டது என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரில் இறங்கிக்கொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு, 2,400 அடிக்கு இறங்க உத்தரவு போனது. 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார் அதிகாரி. 'டூ' என்ற முதல் எண்ணை, ஆங்கிலத்தில் 'வரை' என்று பொருள்படும் 'டு' என்பதாக விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று பதிலும் சொன்னார்கள். அதாவது 400 அடி. திருப்பிச் சொன்னதில் இருந்த பிழை கவனிக்கப்படவில்லை. விமானத்திலேயே இருந்த எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் பயனில்லை. விமானம் குன்றில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். 'டூ தௌஸண்ட் ஃபோர் ஹண்ட்ரட்' என்று சொல்லியிருந்தால் குழப்பத்துக்கு இடமே இருந்திருக்காது.

மறு வருடம், 1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி 17 நிமிடம் வானிலேயே காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. தங்களுக்கு 'பிரையாரிட்டி' வேண்டும் என்று துணை விமானி கேட்டார். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார். ஆனால் 'எமர்ஜென்ஸி' என்ற சொல்லை அவர் பயன்படுத்தவே இல்லை. ஸ்பானிஷ் பேசுபவருக்கு 'முன்னுரிமை' என்பதே அவசரத்தைச் சொல்லும் சொல். நியூயார்க்கின் நெரிசலில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளுக்கோ அது பத்தோடு பதினொன்றாகக் கேட்ட கோரிக்கை. கேப்டனுக்கு ஆங்கிலம் போதாது. துணை விமானி அவசரநிலையை அறிவித்துவிட்டார் என்றே அவர் நம்பினார். நான்கு எஞ்சின்களும் அடங்கி விமானம் லாங் ஐலண்ட் குன்றுப்பகுதியில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மரணம்.

தாய்மொழிக்காரர்களுக்கிடையேகூட இது நடக்கும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், ஜப்பான் கடலோரக் காவல்படையின் சிறிய விமானத்துக்கு 'நம்பர் ஒன்' என்று வரிசை எண் சொல்லப்பட்டது. ஓடுபாதைக்கு வெளியே குறிப்பிட்ட இடம்வரை வந்து நிற்க வேண்டும் என்பதே உத்தரவு. முதலில் நீங்கள்தான் என்று கேட்டதும், ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி கிடைத்ததாக அந்த விமானி எண்ணிக்கொண்டார். பின்னாலேயே தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. அந்தப் பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பியது அதிசயம். சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள்.

கருவி ஒன்று சொல்ல, மனிதர் ஒன்று சொல்ல

பேச்சை நம்ப முடியாது என்றால் கருவியை நம்பலாமே என்று தோன்றும். மோதல் தவிர்ப்புக் கருவியின் யோசனையே அதுதான். இரண்டு விமானங்களின் கருவிகளும் தரையைக் கேட்காமல் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். ஆபத்து நெருங்கினால் ஒரு விமானிக்கு 'ஏறு' என்று குரல் கேட்கும். மற்றவருக்கு 'இறங்கு' என்று கேட்கும். சர்க்கி தாத்ரியில் இரு விமானங்களிலும் இது வேலை செய்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

ஆனால் 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே பறந்த இரண்டு விமானங்களிலும் இந்தக் கருவி இருந்தது. ஒன்று ரஷ்யாவின் டுபலேவ் விமானம். பயணிகளில் பெரும்பாலோர் ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் போன பள்ளிக் குழந்தைகள். மற்றது டி.எச்.எல். சரக்கு விமானம். ஜூரிக் கட்டுப்பாட்டு அறையில் அந்த நேரத்தில் ஒரே அதிகாரி இரண்டு இருக்கைகளின் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்தைக் கடைசி நேரத்தில் கவனித்த அவர், ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதே விமானத்தின் கருவியோ ஏறச் சொன்னது. ரஷ்ய விமானி மனிதர் சொன்னதைக் கேட்டார். சரக்கு விமானத்தின் விமானி கருவி சொன்னதைக் கேட்டார். இருவரும் இறங்கினார்கள். 71 பேர் இறந்தார்கள்.

கருவியும் அதிகாரியும் முரண்பட்டால் யார் சொல்வதைக் கேட்பது என்பதில் அதுவரை தெளிவு போதவில்லை. இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை: கருவி சொல்வதைச் செய், பிறகு அதிகாரியிடம் தெரிவி. கருவி வாங்கி மாட்டினால் மட்டும் போதாது, அது பேசும்போது மற்றவர் வாய் மூட வேண்டும் என்ற உடன்பாடும் வேண்டும் என்பது யூபர்லிங்கன் தந்த பாடம்.

தேர்வு எழுதும் விமானிகள்

சர்க்கி தாத்ரியின் தாக்கம் இந்தியாவோடு நிற்கவில்லை. 1998-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பேரவையில் விமானிகளின், கட்டுப்பாட்டு அதிகாரிகளின் ஆங்கிலத் திறன் பற்றிய தீர்மானம் நிறைவேறியது. 2003-ல் விதிகள் வந்தன. 2008 மார்ச் 5 முதல் அமல். தயாராகாத நாடுகளுக்கு 2011 வரை அவகாசம்.

சர்வதேசப் பாதையில் பறக்கும் விமானியும், அவருடன் பேசும் அதிகாரியும் ஆறு படிகள் கொண்ட அளவுகோலில் குறைந்தது நான்காம் படியில் இருக்க வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிந்துகொள்ளல், உரையாடல் என்று ஆறு அம்சங்களில் தேர்வு. ஐந்தில் சிறந்து ஒன்றில் தவறினாலும் அந்தக் குறைந்த மதிப்பெண்தான் கணக்கு. நான்காம் படியில் இருப்பவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் தேற வேண்டும்.

இதன் உண்மையான நோக்கம் ஆங்கில இலக்கணம் கற்பிப்பதல்ல. வழக்கமான நாளில் வழக்கமான சொற்கள் போதும். யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். எதிர்பாராதது நடக்கும்போது மனப்பாடம் உதவாது. 'நாங்கள் உயரத்தை இழந்துவிட்டோம்', 'நீங்கள் சொன்னது புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று அந்த நேரத்தில் தயங்காமல் சொல்ல வேண்டும். அதற்கு மொழி வேண்டும். மொழியைவிட முக்கியமாக, புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் துணிச்சல் வேண்டும். மேலதிகாரி எதிரே வாய் திறக்கத் தயங்கும் பண்பாடுகளில் இரண்டாவதுதான் கடினம். டெனரீஃபில்கூட, பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கே.எல்.எம். விமானப் பொறியாளர் சந்தேகப்பட்டுக் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் பேச்சு அதோடு முடிந்தது.

பக்கத்து அறைக்குச் சேராத செய்தி

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு நடுவிலும், ஒரே கோபுரத்துக்குள்ளும்கூடச் செய்தி தவறுகிறது. 2022 ஜனவரி 7 காலை பெங்களூரில் அதுதான் நடந்தது. இணையாக உள்ள இரண்டு ஓடுபாதைகளில் ஒன்றிலிருந்து விமானங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன, மற்றதில் இறங்கிக்கொண்டிருந்தன. இனி ஒரே ஓடுபாதை போதும் என்று முடிவு எடுக்கப்பட்டது. அந்த முடிவு இன்னொரு ஓடுபாதையைக் கவனித்துவந்த அதிகாரிக்குப் போய்ச் சேரவில்லை. விளைவு, கொல்கத்தாவுக்கும் புவனேஸ்வரத்துக்கும் போக வேண்டிய இரண்டு விமானங்களுக்கு ஏறத்தாழ ஒரே சமயத்தில் கிளம்ப அனுமதி கிடைத்தது. இரண்டும் வானில் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பின. ராடார் அதிகாரி கவனித்து இரண்டையும் வெவ்வேறு திசைகளில் திருப்பிவிட்டதால் நானூறுக்கும் அதிகமானோர் உயிர் பிழைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து வாஷிங்டனில் அப்படிப்பட்ட அதிர்ஷ்டம் இல்லை. 2025 ஜனவரி 29 இரவு ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று பயணிகள் விமானத்துடன் மோதி 67 பேர் இறந்தார்கள். விமானத்துக்குப் பின்னால் கடந்து போகும்படி கோபுரம் சொன்னது. ஹெலிகாப்டரிலிருந்து யாரோ மைக்கை அழுத்திப் பேசிக்கொண்டிருந்ததால் அந்த வாக்கியத்தின் முக்கியமான சொற்கள் உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்காமல் போயிருக்கலாம் என்கிறது விசாரணை. ஒரு விநாடிக்கும் குறைவான நேரம்.

டெனரீஃபுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஏறக்குறைய 48 வருடங்கள். விமானங்கள் மாறிவிட்டன, ராடார்கள் மாறிவிட்டன. ஒரே அலைவரிசையில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் கேட்க முடியாது என்ற நிலை மாறவில்லை. எழுத்து வடிவில் அனுமதிகளை அனுப்பும் முறை பெருங்கடல்களுக்கு மேலே பழக்கத்தில் இருக்கிறது. விமான நிலையத்தை நெருங்கும் கடைசி நிமிடங்களில் தட்டச்சு செய்ய யாருக்கும் நேரம் இல்லை. அங்கே இன்றும் குரல்தான்.

தில்லியில் இப்போது நான்கு ஓடுபாதைகள். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து போகின்றன. ஒவ்வொன்றுக்கும் பல அனுமதிகள். ஒவ்வொரு அனுமதியும் ஒருமுறை சொல்லப்பட்டு, ஒருமுறை திருப்பிச் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு அலுப்பூட்டும் பேச்சு. சர்க்கி தாத்ரி வயல்களில் உறவினர்களைத் தேடி அலைந்த குடும்பங்களுக்கு அந்த அலுப்பின் மதிப்பு தெரியும். நிமிடத்துக்கு இருபது கிலோமீட்டருக்கும் மேலாக இடைவெளி சுருங்க, எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களை ஆயிரம் அடி பிரித்து வைத்திருக்கிறது. ஒரு விமானி சலிக்காமல் திருப்பிச் சொல்லும் ஓர் எண்தான் அந்த ஆயிரம் அடிக்கும் ஆதாரம்.